பழையன மறவாது புதியன கற்றல்

விழா மலரொன்று கைக்கு வந்ததும் பழைய மாணவர் முதலிற் செய்வது யாது? தம் பெயரும் தம் வகுப்புத் தோழர் பெயரும் எங்கேனும் காணப்படுகின்றனவா என்று தேடுவதேயாம். இதனை எவரும் குறையாகக் கருதார். ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு கல்லூரி, சென்றவர்களைத் தான் மறக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் நாளே விழா நாள். புதியவரைச் சேர்த்தலும் பழையவரை மறவாமையும் ஒருங்கே நிகழ்தல் மனிதருக்கு ஓரளவு இயல்பாய் அமைந்தது. இக்காலத்துப் பொறிகளுக்கோ அது பெரும் இடர். அவ்விடரைப் பற்றியும், அது நல்லூரிலும் அதன் அயலிலும் வாழும் நம்மை எவ்வாறு தொடுகின்றது என்பதைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றோம்.

இவ்விடயத்தில் நம் சிந்தனையைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. இம்மலரின் வேலை தொடங்கியபோது, அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட மலரொன்றின் பக்கங்களைப் படம் பிடித்து, அச்செழுத்தை வாசித்துத் தரும் கணினிப் பொறியொன்றிடம் கொடுத்துப் பார்த்தோம். கட்டுரைகளில் அது இடையிடையே பிழைவிட்டது. முன்பின் நோக்கி அவற்றை நாமே திருத்திக்கொண்டோம். பெயர்ப் பட்டியலுக்கு வந்தபோது அவ்வாறு திருத்த வழி தோன்றவில்லை. இடாப்பைக் கூப்பிடுவது போலப் பொறி வாசித்துக்கொண்டு சென்றது. கந்தையா வந்தார், வைத்திலிங்கம் வந்தார், செல்லத்துரையும் வந்தார். நல்லையா, சின்னையா, பொன்னையா, அண்ணாமலை ஆகியோரை மாத்திரம் காணவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் எவருக்கும் உரியதல்லாத எழுத்துக் கோவைகள் நின்றன.

காரணத்தை அறிதல் கடினமன்று. தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பிக்கும்வரை, ணை, லை, ளை, னை என்னும் நான்கும் தும்பிக்கை போன்ற வளைவொன்றைத் தலைப்பிற் கொண்டு அச்சாகி வந்தன. ணா, றா, னா என்னும் மூன்றும் கால் தனித்து நில்லாது எழுத்தோடு வளைந்து சேர்ந்த வடிவின. இம்மூன்றின் வழியே ணொ, ணோ முதலிய ஆறும் வேறுபட்டன. ஆகவே சீர்திருத்தம் பெற்ற எழுத்துகள் பதின்மூன்று. நாம் கற்க வேண்டிய தனி வடிவங்களோ ஏழே. நம் நாட்டில் அப்பழைய வடிவங்கள் பின்னரும் சில காலம் அச்சேறின. இன்றைய நூல்களைக் கொண்டு பயின்ற பொறி அவற்றைக் கண்டதில்லை. காணாததைத் 'தெரியாது' என்று சொல்லவும் அது பழகவில்லை. தான் அறிந்தவற்றுள் எது கிட்டியதோ அதன் பெயரைச் சொல்லிவிட்டு மேலே செல்கின்றது.

ஏழு வடிவங்கள்தாமே, கற்பித்துவிட்டாற் போயிற்று என்று தோன்றும். விசயதசமியன்று ஏடு தொடக்கிய சிறு பிள்ளையும், இரண்டொரு ஆண்டு கழிந்தபின், இவ்வேழையும் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுவிடும். அன்றியும், அவற்றைக் கற்ற காரணத்தால் மறுநாட் காலையில் அகரத்தையும் ககரத்தையும் மறந்து நில்லாது. பொறியின் நிலை வேறு. ஏழைக் கற்பிக்கப் புகுந்தால் எழுபதை அது மறத்தல் கூடும். இதனை அறிஞர் 'பேரழிவு மறதி' என்று பெயரிட்டு வழங்குவர்.

பெயர் மிகையன்று என்பதற்கு ஒரு பழைய சோதனையே சான்று. 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞராகிய மைக்கேல் மக்ளொஸ்கி, நீல் கோகென் என்னும் இருவர், மூளையின் நரம்பு வலையைப் பின்பற்றி அமைத்த சிறு கணிப்பமைப்பொன்றுக்குக் கூட்டல் வாய்பாடு கற்பித்தனர். முதலில் ஒன்றாம் வாய்பாட்டின் பதினேழு கணக்குகள். அவற்றை அது பிழையறக் கற்றது. அடுத்து இரண்டாம் வாய்பாட்டின் பதினேழு கணக்குகள். அவற்றையும் கற்றது. ஆயினும் இரண்டாம் வாய்பாடு ஏற ஏற, ஒன்றாம் வாய்பாடு வெகு விரைவிற் சிதைந்துபோயிற்று. கீழ்ப்பிரிவு மாணவன் எவனும் இவ்வாறு மறந்ததாக எந்த ஆசிரியரும் கண்டிரார்.

இஃது ஏன் நிகழ்கின்றது? பொறியின் அறிவென்பது எண்களின் பெருந்தொகுதி. அவ்வெண்களை நிறைகள் என்பர். லகரத்தை அறிதற்கெனச் சில எண்கள், னகரத்தை அறிதற்கெனச் சில எண்கள் என்று அவை பிரித்து வைக்கப்படவில்லை. எல்லா அறிவும் எல்லா எண்களிலும் விரவிக் கிடக்கின்றது. புதிய பாடத்தில் விட்ட பிழையைத் திருத்துவதற்காக அவ்வெண்களைச் சிறிது சிறிதாக மாற்றுகின்றோம். அம்மாற்றம் பழைய பாடத்துக்கு ஊறு செய்கின்றதா என்று கேட்பார் அவ்விடத்தில் இல்லை. ஒரே மணற்பரப்பில் முந்திய எழுத்தின்மேல் அடுத்த எழுத்தை எழுதுவது போலாகின்றது.

இவ்விடரோடு மற்றோர் இடரும் சேர்கின்றது. அஃது உதாரணங்களின் குறைவு. பொறிக்கு ஒரு வடிவத்தைப் புகட்ட நூற்றுக்கணக்கான உதாரணங்கள் வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கு. 2015ஆம் ஆண்டில் பிரெண்டன் லேக் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும், ஓர் எழுத்தை ஒரே முறை கண்டு அடையாளங் கொள்ளும் மனித ஆற்றலைப் பொறிக்குத் தருவது பற்றி எழுதினர். அதற்கென அவர்கள் தொகுத்த களஞ்சியத்தில் ஐம்பது எழுத்து முறைகளுக்கு உரிய 1623 எழுத்துகள் உள்ளன. ஒவ்வொன்றையும் இருபதின்மர் எழுதியுள்ளனர். அவ்வைம்பதனுள் நம் முன்னோர் வடமொழி எழுதப் பயன்படுத்திய கிரந்தம் இடம் பெற்றிருக்கின்றது. தமிழ் இடம் பெறவில்லை. இதனை ஒரு முறைப்பாடாக நாம் கூறவில்லை. பிறர் தொகுக்கும் களஞ்சியத்தில் நமக்குரியது இருப்பதும் இல்லாமற் போவதும் தற்செயலே என்பதை உணர்த்தவே கூறினோம்.

இரண்டு இடர்களும் ஒருங்கு கூடும்போது பொறியைக் கற்பிப்போன் இருதலைக் கொள்ளியின் நடுவே அகப்படுகின்றான். பழையதைக் காக்க எண்களை இறுகப் பிடித்தால் புதியது உள்ளே புகாது. புதியதைப் புகுத்த எண்களை நெகிழவிட்டால் பழையது நழுவும். கண்ட ஐந்து உதாரணங்களின் மையும் கறையும் கூட எழுத்தின் இலக்கணமாகப் பதிந்துவிடும். 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குழு இதனை அளந்து காட்டியது. அறுபது வகைப் படங்களை நன்கு கற்ற பொறிக்கு, தடவைக்கு ஐந்து புதிய வகைகளாக, வகைக்கு ஐந்தே உதாரணங்களுடன், எட்டுத் தடவை கற்பித்தனர். மறதியைத் தடுக்க அவர்கள் வகுத்த முறையைக் கையாண்டபோதும், தொடக்கத்தில் நூற்றுக்கு 61 ஆக இருந்த மதிப்பெண் முடிவில் 24 ஆயிற்று. பின்வந்தோர் இதனினும் மேலான பயன் கண்டனர். எனினும் சரிவு முற்றாக நின்றபாடில்லை.

கண்ட பரிகாரங்கள் யாவை? மூன்றைச் சுருங்கச் சொல்லலாம். பழைய பாடத்துக்கு இன்றியமையாத எண்கள் எவையெனக் கணித்து, அவற்றை எளிதில் அசையவிடாமற் செய்தல் ஒன்று. இலண்டனில் உள்ள டீப்மைண்ட் நிறுவனத்தார் 2017இல் வெளியிட்ட முறை அது. எழுத்தை நோக்கும் கண்ணை மாற்றாது வைத்து, புதிய வகையின் சில உதாரணங்களுக்கு நடுவாக அமைந்த சராசரி உருவை மாத்திரம் நினைவிற் சேர்த்து, வருவது எதற்கு அண்மையது என்று பார்த்தல் மற்றொன்று. மூன்றாவது மிகப் பழைய முறை. ஒவ்வொரு பழைய வகைக்கும் தெரிந்தெடுத்த சில உதாரணங்களைப் பெட்டகத்தில் வைத்திருந்து, புதியதைக் கற்பிக்குந்தோறும் அவற்றையும் கலந்து மீளக் கற்பித்தல். எளிமையும் பயனும் ஒருங்கே உடையதாய் இன்றும் நிலைத்திருப்பது இதுவே.

இதனை மிகப் பழைய முறை என்றது காரணம் பற்றியே. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நேற்றைய பாடத்தை ஒப்புவியாத பிள்ளைக்கு இன்றைய பாடம் கிடையாது. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கன் நூல் கற்கும் முறையை வகுக்குமிடத்து, பாடத்தைப் பேணுதலையும் கேட்டவற்றை மீள நினைத்தலையும் அதன் உறுப்புகளாக வைத்தார். அந்நூலுக்குக் காண்டிகையுரை கண்டு நம் பிள்ளைகள் கையிற் கொடுத்தவர், 1822ஆம் ஆண்டில் இந்நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர். ஏட்டிற் கிடந்தவற்றை ஒப்புநோக்கிப் பிழைகளைந்து அச்சேற்றிய அப்பெருமகனாரின் பணியும், ஒருவகையில், பழையதை இழக்காது புதிய வடிவுக்கு மாற்றும் பணியே அன்றோ? மூளையை ஆராய்வோர் 1995ஆம் ஆண்டில் கூறிய கருத்தொன்றும் இதனோடு இயைகின்றது. மூளையின் ஒரு பகுதி புதியதை விரைந்து பற்றிக்கொள்கின்றது. பின்னர் அதனை மீள மீள ஒப்புவித்து, மற்றொரு பகுதியிலே பழையதோடு மெல்லப் பதியச் செய்கின்றது என்பதே அக்கருத்து.

நிற்க, நம் எழுத்துகளுக்கு வருவோம். அச்சு நூல்களின் ஏழு வடிவங்கள் எளிய பாடம். பழைய கணக்கேடுகளைப் புரட்டினால் இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி முதலியவற்றின் குறிகளைக் காணலாம். இவை போன்ற 51 தமிழ்க் குறிகளுக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது 2019ஆம் ஆண்டிலேதான். இடம் கிடைத்தது, வாசிக்கத் தெரிந்தோர் அருகி வருகின்றனர். இங்கே உதாரணக் குறைவு உண்மையான குறைவு.

ஓலைச்சுவடியோ வேறொரு வகையில் அரியது. அங்கே புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ககரமும் ககரமெய்யும் ஒரே வடிவின. ஒற்றைக் கொம்பு எகரத்துக்கும் உரியது, ஏகாரத்துக்கும் உரியது. ரகரமும் காலும் வேறுபாடின்றி நிற்கும். இவற்றை வேறுபடுத்தி எழுதும் வழக்கம் நிலைபெற்றது பிற்காலத்திலேயே. எனவே சுவடியைக் கற்பதென்பது புதிய வடிவங்களைக் கற்பது மாத்திரமன்று. முன்பு ஒன்றெனக் கற்றதை, இடம் நோக்கி இரண்டெனப் பிரித்தறிவதுமாம். அச்சுப் புத்தகத்தில் ஒற்றைக் கொம்பைக் குறிலென்று சரியாக வாசித்து வந்த பொறி, நான்கு ஏடுகளைக் கற்றபின் அச்சுப் புத்தகத்திலும் அதனை நெடிலென்று வாசிக்கத் தொடங்குமாயின், நாம் பெற்றதினும் இழந்தது பெரிதாகும்.

இழந்தோம் என்பதை நாம் அறிவோமா? இதுவே நம் கட்டுரையின் மையமான கேள்வி. பெங்களூரில் இருந்த எச்.பி. ஆய்வுகூடத்தார் தமிழ்க் கையெழுத்துகளைத் திரட்டியபோது, உயிர்மெய்க் குறிகளைப் பிரித்து, நம் 247 எழுத்துகளையும் எழுதுதற்கு 156 வடிவங்கள் போதும் என வகுத்தனர். அவ்வாறு 156 வடிவங்களை நன்கறிந்த ஒரு பொறிக்குப் பழைய ஏழையும் கற்பித்தோம் எனக் கொள்வோம். இப்பொழுது 163 வடிவங்களிலும் சம அளவாகப் பரீட்சை வைக்கின்றோம். புதிய ஏழில் ஒன்றைத்தானும் அது கற்கவில்லையாயினும், பழையவற்றைச் சரியாகச் சொன்னால் அதற்கு நூற்றுக்கு 95.7 மதிப்பெண் கிடைக்கும். ஏழையும் கற்றுப் பழையவற்றுள் ஏழை மறந்துவிட்டாலும் அதே 95.7 தான் கிடைக்கும். கல்லாமைக்கும் மறதிக்கும் ஒரே மதிப்பெண்! தொண்ணூற்றைந்துக்கு மேல் என்று கேட்டவுடன் கைதட்டிவிட்டு எழுந்து செல்வோமாயின், நல்லையாவும் சின்னையாவும் என்றென்றைக்கும் இடாப்பில் வாரார்.

சிலர் கூறுவர்: "உலகிலுள்ள எழுத்தையெல்லாம் வாசித்த பெரும் பொறிகள் வந்துவிட்டன. செல்வம் மிக்க நிறுவனங்கள் ஆண்டுதோறும் அவற்றைத் திருத்தி வருகின்றன. சிறு கல்லூரியொன்று இதிற் செய்யத்தக்கது யாது?" இக்கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. அப்பொறிகள் வியக்கத்தக்கன, அவற்றைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் அவற்றைத் திருத்துவோர் எதை நோக்கித் திருத்துவர்? பெருவழக்கானதை நோக்கியே. ஒரு திருத்தத்தின்போது முந்திரிக் குறியோ பழைய னகர ஐகாரமோ மறந்துபோயின் அதனைக் கண்டு வருந்துவோர் அவர் அலுவலகத்தில் இரார். அன்றியும், சொல்வளம் மிக்க பொறி அறியாத எழுத்தைக் கண்டால் திணறுவதில்லை. பொருத்தமான சொல்லொன்றைத் தானே இட்டு நிரப்பிவிடவும் கூடும். நல்லையா இருந்த இடத்தில் நல்லதம்பி வந்து அமர்ந்தால், முன்னைய எழுத்துக் குழப்பத்தினும் அது கொடிது. குழப்பம் பிழையென்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், நல்லதம்பி காட்டிக்கொடார்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: பொறி யாருடையதாயினும் ஆகுக, பாடத்துக்கான உதாரணங்களும் பரீட்சைத் தாளும் நம்முடையனவாதல் வேண்டும். ஒவ்வொரு புதிய பொறியையும் அத்தாளுக்கு முன் நிறுத்தி, பழையதில் எத்தனை, புதியதில் எத்தனை என்று வெவ்வேறாக எண்ணிப் பார்க்க நமக்கு ஆற்றல் வேண்டும். இதற்குப் பெருஞ் செல்வம் வேண்டியதில்லை. சில உதாரணங்கள் போதும் என்பதே இவ்வாராய்ச்சியால் நமக்குக் கிடைத்த நற்செய்தி. ஆனால் அச்சில உதாரணங்கள் ஐயத்துக்கு இடமின்றிச் சரியானவையாய் இருத்தல் வேண்டும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் தீங்கில்லை. ஐந்தில் ஒன்று பிழைத்தால் ஐந்திலொரு பங்கு பிழை.

இவ்விழா ஆண்டின் நினைவாக நம் கல்லூரி செய்யத்தக்கதாக ஒரு சிறு பணியை முன்வைக்கின்றோம். பழைய மாணவர் தத்தம் இல்லங்களிற் பெட்டகத்திலும் அலுமாரியிலும் கிடக்கும் பழைய மலர்கள், பஞ்சாங்கங்கள், காணி உறுதிகள், கணக்கேடுகள், ஓலைச்சுவடிகள் ஆகியவற்றின் தெளிவான படங்களைத் தருவார்களாக. உறுதிகளிற் குடும்பச் செய்திகள் இருக்குமாதலால், அவற்றிலிருந்து எழுத்துகளை மாத்திரம் வெட்டி எடுத்தாற் போதும். ஒவ்வொரு அரிய வடிவுக்கும் வெவ்வேறு அச்சுக்கூடங்களிலிருந்தும் வெவ்வேறு கைகளிலிருந்தும் பத்து உதாரணங்களைத் தெரிவோம். அவற்றை வாசிக்க வல்ல முதியோர் இருவர் ஒருவரையொருவர் கேளாமல் வாசித்து எழுதட்டும். வேறுபட்டால் மூன்றாமவர் தீர்க்கட்டும். பத்தில் ஐந்தைக் கற்பித்தலுக்கு விடுவோம். எஞ்சிய ஐந்தைப் பரீட்சைக்கென முத்திரையிட்டு வைப்போம். மேல்வகுப்பு மாணவர் ஆண்டுக்கொருமுறை பொறிகளைச் சோதித்து, தேர்ச்சி அறிக்கை போல அதன் பெறுபேற்றை மலரில் வெளியிடட்டும்.

முதியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பகுதிக்கே அவசரம் அதிகம். படம் பிடிக்கும் கருவி அடுத்த ஆண்டும் கிடைக்கும். முந்திரிக் குறியை வாசிக்கும் பாட்டனார் அடுத்த ஆண்டும் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆசிரியர்கள் இதனைப் புறவேலையாக எண்ணாது, தமிழ்ப் பாடத்துக்கும் கணிதத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் பொதுவான ஒரு பயிற்சியாகக் கொள்ளலாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் நம் அன்பர்கள் கொண்டுசென்ற பெட்டிகளிலும் நல்லூரின் ஏடுகள் இருத்தல் கூடும்.

திரட்டியதை ஓரிடத்தில் மாத்திரம் வைத்தலாகாது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. பேரழிவு மறதி என்னும் சொல்லைக் கேட்கும்போது, பிற நாட்டார் பொறியை நினைப்பர். நமக்கு அவ்விரவே முதலில் நினைவுக்கு வரும். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களைப் படியெடுத்து இணையத்தில் வைத்துவரும் நூலகம் திட்டத்தார் செய்துவரும் பணி, அவ்விரவுக்குப் பின் வந்த தலைமுறையின் மறுமொழி எனலாம். நம் சிறு பெட்டகத்தின் படியொன்றை அவர்களிடத்தும், மற்றொன்றைப் பல்கலைக்கழகத்திலும், பிறிதொன்றைக் கடல்கடந்த கிளைச் சங்கமொன்றிலும் வைக்கலாம்.

பொறிகள் கற்கட்டும், விரைந்து கற்கட்டும், நாம் அறியாதனவும் கற்கட்டும். அவை கற்றனவா என்று கேட்போர் பலர் உளர். மறந்தனவா என்று கேட்கும் கடமை, மறக்கப்படும் எழுத்துக்கு உரியவராகிய நமக்கே வந்து சேர்கின்றது. அடுத்த விழா மலரைத் தொகுப்போர் இம்மலரையும் அதற்கு முந்தியனவற்றையும் ஒரு பொறியிடம் கொடுத்துப் பெயர் கூப்பிடும்போது, கந்தையாவோடு நல்லையாவும் சின்னையாவும் பொன்னையாவும் அண்ணாமலையும் எழுந்து 'உள்ளேன்' என்று சொல்வாராக. அதற்குரிய ஐந்து எழுத்துகளை இன்றே தேடி எடுப்போம்.